சாலைக்குள் புதைந்திருக்கும் லூப்பை வைத்து நெரிசலை அளப்பது எப்படி?

வடசென்னைச் சாலைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அங்கே எப்போதும் நெரிசல்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு, போக்குவரத்துக் கணக்கெடுப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அந்த வரியைக் கேட்டால் பொறுக்காது. எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்த மணிக்கு, எத்தனை வண்டிகள் எவ்வளவு நேரத்தை இழந்தன என்று சொல்லத் தெரியாமல் யாரிடம் போய் எதைக் கேட்பது? எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு ஒரு கணக்கு எழுதி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

அளப்பதற்குப் புதுக் கருவி வேண்டும், கேமரா வேண்டும், டெண்டர் விட வேண்டும் என்பார்கள். அவ்வளவு தேவையில்லை. சுங்கச்சாவடித் தடங்களின் தரைக்குள், மேலே வரும் வண்டியை உணரும் கம்பிச் சுருளான லூப் இருக்கிறது. தலைக்கு மேலே பாஸ்டேக் படிப்பான் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் வண்டிகளை எண்ணி வகை பிரிக்கும் தானியங்கிக் கருவிகள் உள்ளன. சில சிக்னல் சந்திப்புகளிலும் லூப் பதித்திருக்கிறார்கள். இவையெல்லாம் வேறு வேலைக்காக வைத்தவை. ஆனால் இவை தரும் எண்களில் நெரிசலின் முழு வரலாறும் இருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது என்று, சிவில் படிக்கும் மாணவர்களையும் குடியிருப்போர் சங்கங்களில் உழைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் போதும்; ஒரு எக்செல் கோப்பு போதும்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியது கலிஃபோர்னியா. அந்த மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ் சிக்னல் இல்லாத அதிவேக நெடுஞ்சாலைகளான தன் ஃப்ரீவேக்களில் ஏற்கனவே ஏராளமான லூப்களைப் பதித்திருந்தது. அவை 30 விநாடிக்கு ஒருமுறை எண்களை அனுப்பிக்கொண்டே இருந்தன. அந்த எண்களைச் சேர்த்துவைத்து முழுமையாகப் பயன்படுத்த ஏற்பாடு இல்லை. 1990களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரவின் வராயாவும் அவருடைய சகாக்களும் அந்த எண்களைத் திரட்டி, 5 நிமிடத் தொகுப்புகளாக்கி, பெம்ஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். சாலையில் புதிதாக எதையும் பதிக்கவில்லை, இருந்ததைக் கேட்டார்கள். இன்றும் பெயர் பதிவு செய்து கணக்குத் தொடங்கினால் அந்தத் தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் ஊர்த் தரவு கைக்கு வருவதற்குள் அதில் கை பழகிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வேன்.

லூப் எதைப் பார்க்கிறது

அடுத்த முறை சுங்கச்சாவடித் தடத்தில் வண்டி நிற்கும்போது தரையைக் கவனியுங்கள். கான்கிரீட்டில் விரற்கடையைவிட மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று சதுரமாக ஓடும். முனைகள் மட்டும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், கம்பி கூர்மையாக மடங்கி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு கோடு ஓரத்துக்குப் போய்ப் பெட்டிக்குள் நுழையும். ரம்பத்தால் பள்ளம் வெட்டி, அதில் காப்பிட்ட கம்பியை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மேலே பூச்சு ஊற்றி மூடியிருக்கிறார்கள். கலிஃபோர்னிய ஃப்ரீவேயில் இந்தச் சதுரம் பெரும்பாலும் 6 அடிக்கு 6 அடி, அதாவது 1.8 மீட்டர்.

கம்பியில் மாறுமின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு உடம்புள்ள வண்டி மேலே வந்ததும் சுருளின் தூண்டல் திறன் குறைந்து, அலைவெண் சற்று உயரும். பெட்டிக்குள் இருக்கும் மின்னணு அட்டை அதைக் கண்டுபிடித்து "வண்டி இருக்கிறது" என்று குறிக்கிறது. வண்டி நகர்ந்ததும் "இல்லை" என்கிறது. லூப்புக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த 'இருக்கிறது, இல்லை' என்பதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கின்றன: எத்தனை வண்டிகள் கடந்தன, மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் லூப்பின் மேல் வண்டி இருந்தது. முதலாவதை எண்ணிக்கை என்போம். இரண்டாவதைத் துறையில் ஆக்குபன்சி என்பார்கள்.

இரண்டும் சேர்ந்தே வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து நெரிசலைப் பற்றிப் பேசவே முடியாது. 5 நிமிடத்தில் ஒரு தடத்தில் 60 வண்டிகள் என்றால் அது காலியான சாலையாகவும் இருக்கலாம், ஊர்ந்து நகரும் சாலையாகவும் இருக்கலாம். ஆக்குபன்சி 6 சதவீதம் என்றால் முதலாவது. 50 சதவீதம் என்றால் இரண்டாவது. போக்குவரத்து அறிக்கை என்று நம் ஊரில் கைக்கு வருபவற்றில் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து "இந்தச் சாலையில் போக்குவரத்து குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், வண்டிகள் வராமல் குறைந்ததா, நகர முடியாமல் குறைந்ததா என்று கேளுங்கள்.

வேகத்தைக் கணக்கிடுதல்

ஒற்றை லூப் வேகத்தை நேரடியாக அளக்காது. கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு வண்டியின் முன்முனை லூப்பைத் தொட்டதிலிருந்து பின்முனை லூப்பை விடும்வரை அது கடக்கும் தூரம், வண்டியின் நீளமும் லூப்பின் நீளமும் சேர்ந்தது. இதைப் பயனுறு நீளம் என்போம். எண்ணிக்கையைச் சராசரிப் பயனுறு நீளத்தால் பெருக்கி, லூப் மூடியிருந்த விநாடிகளால் வகுத்தால் வேகம்.

கணக்காகப் பார்ப்போம். 5 நிமிடம் என்பது 300 விநாடி. 150 வண்டிகள், ஆக்குபன்சி 15 சதவீதம். லூப் மூடியிருந்தது 45 விநாடி. எல்லாம் கார்கள், பயனுறு நீளம் 6 மீட்டர் என்றால் மொத்தம் 900 மீட்டர். 900-ஐ 45-ஆல் வகுக்க விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். நன்றாக ஓடும் சாலை.

இரண்டு லூப்களை அடுத்தடுத்துப் பதித்திருந்தால் இந்தச் சுற்றுவழி வேண்டாம். முதலாவதைத் தொட்ட நேரத்துக்கும் இரண்டாவதைத் தொட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே வேகத்தைச் சொல்லிவிடும். இரட்டை லூப் இருக்கும் இடத்தில் நீங்கள் பாக்கியசாலி. அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம். ஒற்றை லூப் என்றால் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

வடசென்னையில் நீளம்தான் எல்லாம்

மேலே போட்ட கணக்கில் 6 மீட்டர் என்று ஒரு எண்ணைச் சாதாரணமாக எழுதிவிட்டேன். மணலி, மாதவரம், எண்ணூர்ப் பக்கம் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் விடை முழுவதும் கெட்டுவிடும். 40 அடி கன்டெய்னர் மட்டுமே 12.2 மீட்டர். அதை ஏற்றிய டிரெய்லர் முகப்போடு சேர்த்து 15, 16 மீட்டர் வரும். லூப்பையும் சேர்த்தால் பயனுறு நீளம் 18 மீட்டரை ஒட்டி நிற்கும், காரைப்போல் மூன்று மடங்கு.

இப்போது இதைப் பாருங்கள். 5 நிமிடத்தில் 90 வண்டிகள், ஆக்குபன்சி 30 சதவீதம், அதாவது 90 விநாடி. 6 மீட்டர் என்று வைத்தால் வேகம் விநாடிக்கு 6 மீட்டர், மணிக்கு 21.6 கிலோமீட்டர், கடும் நெரிசல் என்று அறிக்கை எழுதுவோம். ஆனால் அந்த 90-இல் மூன்றில் ஒன்று டிரெய்லர் என்றால் சராசரி நீளம் 10 மீட்டர். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். ஒரே லூப், ஒரே எண்கள், இரண்டு வேறு சாலைகள். இங்கே நேரம் கூடக்கூட வண்டிகளின் கலவையும் மாறுகிறது. காலையில் பள்ளி, அலுவலக வண்டிகள் மிகுந்திருக்கும். இரவு ஏறினால் டிரெய்லரும் டேங்கரும்தான் சாலை. அதனால் ஒரு லூப்புக்கு ஒரு நீளம் என்று வைக்கவே கூடாது. ஒவ்வொரு லூப்புக்கும், ஒவ்வொரு தடத்துக்கும், ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி நீளம் வேண்டும். கலிஃபோர்னியாவிலும் இதைத்தான் செய்தார்கள்: நாளின் நேரத்தைப் பொறுத்து இந்த எண்ணை மாற்றினார்கள்.

நீளத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். முதல் வழி, சாலை தடையின்றி ஓடும் நேரத்தைப் பயன்படுத்துவது. ஆக்குபன்சி குறைவாக இருக்கும் 5 நிமிடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்று சாலையோரம் நின்று அளந்துவிடுங்கள். தூரம் தெரிந்த இரண்டு விளக்குக் கம்பங்களும் கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் போதும். இப்போது வாய்பாட்டைத் திருப்பிப் போடலாம். 40 வண்டிகள், ஆக்குபன்சி 8 சதவீதம், அதாவது 24 விநாடி. அளந்த வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், விநாடிக்கு 13.9 மீட்டர். 24-ஐ 13.9-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 8.3 மீட்டர். அந்த நேரத்துக்கு அதுதான் பயனுறு நீளம்.

ஆனால் எல்லா நாளும் நெரிசலாகவே இருக்கும் மணிகளுக்கு இந்த வழி உதவாது. தடையில்லாத நிமிடமே கிடைக்காது. அங்கே சுங்கச்சாவடிப் பதிவு கைகொடுக்கும். கட்டணத்துக்காகவே வண்டிகளைக் கார், இலகு சரக்கு வண்டி, பஸ் மற்றும் லாரி, மூன்று அச்சு, நான்கு முதல் ஆறு அச்சு, ஏழும் அதற்கு மேலும் என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த மணியில் எந்த வகை எத்தனை என்று எடுத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் பெருக்கிச் சராசரி காணுங்கள். அமெரிக்கப் பாடத்தில் இது இருக்காது. ஃப்ரீவேயில் பெரும்பகுதிக்குச் சுங்கமே கிடையாது. நமக்குச் சுங்கம் ஒரு தொல்லை என்றாலும் தரவு என்ற வகையில் அது பெரிய சொத்து.

டிரெய்லர் செய்யும் இன்னொரு குழப்பமும் உண்டு. கன்டெய்னரை இறக்கிவிட்டு வெறும் சட்டத்தோடு வரும் டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். முகப்பு லூப்பைத் தாண்டியதும் நடுவில் உயரமான இரண்டு இரும்பு உத்தரங்கள் மட்டும்தான். தரைக்கும் அவற்றுக்கும் இடைவெளி அதிகம். லூப் அங்கே "இல்லை" என்று விட்டுவிடும். பின்னச்சுகள் வந்ததும் மீண்டும் "இருக்கிறது" என்னும். ஒரு டிரெய்லர் இரண்டு வண்டிகளாகப் பதிவாகிவிட்டது. எண்ணிக்கை கூடும், ஆக்குபன்சி குறையும், வேகம் பொய்யாக ஏறும். துறைமுகத்தை ஒட்டிய லூப்களில் அரை மணி நேரம் கைக்கணக்கு எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். இருசக்கர வண்டிகள் இதற்கு நேர்மாறு: சதுரத்துக்கு வெளியே, இரண்டு தடங்களுக்கு நடுவே போய்விடுவதால் பல பதிவாகவே மாட்டா. ஆகவே லூப் கணக்கு நான்கு சக்கரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளின் கணக்கு என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சுங்கச்சாவடித் தடத்துக்குள்ளேயே இருக்கும் லூப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அங்கே வண்டி கட்டணத்துக்காக வேகத்தைக் குறைக்கிறது, நிற்கிறது. அந்த ஆக்குபன்சியை எடுத்து நெடுஞ்சாலை வேகத்தைக் கணக்கிட்டால் அபத்தமாக வரும். சாவடி லூப்பிலிருந்து எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். வேகத்துக்குச் சாலையின் நடுவே இருக்கும் கருவிகளை நாடுங்கள்.

லூப்பின் உடல்நிலை

கணக்கைத் தொடங்குமுன் லூப் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாலை மேற்பரப்பைச் சுரண்டி மறுபடி தார் போடும்போது கம்பி அறுந்துபோகும். கேபிளுக்கும் வடிகாலுக்கும் குறுக்கே தோண்டினால் பெட்டிக்குப் போகும் இணைப்பு துண்டாகும். ஐப்பசி மழையில் பள்ளத்துக்குள் நீர் இறங்கினால் லூப் பைத்தியம் பிடித்ததுபோல் எண்ண ஆரம்பிக்கும். கெட்டுப்போன லூப் மௌனமாக இருந்தால் பரவாயில்லை. தொடர்ந்து எண்களை அனுப்பும்போதுதான் ஆபத்து.

பெம்ஸ் குழு ஒரு நாள் முழுவதின் தரவை எடுத்து நான்கு கேள்விகள் கேட்டது. ஆக்குபன்சி பூஜ்யமாக எத்தனை முறை வந்தது? எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தும் ஆக்குபன்சி மட்டும் எத்தனை முறை இருந்தது? ஆக்குபன்சி 35 சதவீதத்துக்கு மேல் எத்தனை முறை போனது? ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா? கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. உயிருள்ள சாலையின் எண் ஒருபோதும் அசையாமல் நிற்காது. ஒவ்வொரு 30 விநாடியும் 7 சதவீதம், 7 சதவீதம் என்று வந்தால் அங்கே சாலை பேசவில்லை, அட்டை உறைந்துவிட்டது.

இந்தச் சோதனையை அவர்கள் காலை 5 முதல் இரவு 10 வரை செய்தார்கள். நள்ளிரவில் சாலை காலியாக இருந்து பூஜ்யம் வருவது இயல்பு என்பதால். மணலி எண்ணெய் ஆலைப் பகுதிச் சாலைகளிலும் எண்ணூர்ப் பக்கமும் அந்தச் சலுகையை அப்படியே கொடுக்காதீர்கள். இங்கே இரவு என்பது வேலை நேரம். நள்ளிரவில் இரண்டு மணி நேரம் பூஜ்யம் வந்தால் லூப்பைச் சந்தேகியுங்கள். 35 சதவீதம் என்ற எல்லையையும் நீளத்தைப் பார்த்து உயர்த்துங்கள். டிரெய்லர்கள் நிறைந்த தடத்தில் அது நியாயமாகவே தாண்டும்.

எனக்கு மிகப் பயன்பட்ட சோதனை இதைவிட எளியது. இடையில் நுழைவோ வெளியேற்றமோ இல்லாத இரண்டு இடங்களில், ஒரு நாளின் மொத்த எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மேலே நுழைந்த வண்டி கீழே வந்துதானே ஆக வேண்டும்? பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. மூன்றாவது இடத்தோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

விட்டுப்போன எண்களை நிரப்புவதற்குப் பக்கத்துத் தடத்தையும் முந்தைய, பிந்தைய லூப்களையும் பயன்படுத்தலாம். நல்ல நாட்களில் இந்த லூப்புக்கும் பக்கத்து லூப்புக்கும் இருந்த உறவை ஒரு நேர்கோட்டுச் சமன்பாடாக எடுத்து, கெட்ட நாளுக்கு அதைப் பொருத்துவது. நிரப்பியவை எத்தனை சதவீதம் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள். பாதிக்கு மேல் நிரப்பியதாக இருந்தால் அந்த நாளை விட்டுவிடுவதே நேர்மை.

தாமதத்தை வண்டி மணியில் சொல்லுங்கள்

இதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது. சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் பத்து வண்டிகளுக்கா, ஆயிரம் வண்டிகளுக்கா என்று தெரியாது. இழந்த நேரத்தைக் கூட்டிச் சொன்னால் தெரியும்.

ஒவ்வொரு லூப்புக்கும் சாலையின் ஒரு துண்டைப் பங்கு பிரித்துக் கொடுங்கள்: முந்தைய லூப்புக்கு நடுவழியிலிருந்து அடுத்த லூப்புக்கு நடுவழி வரை. அந்தத் துண்டு 1.5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 நிமிடத்தில் 300 வண்டிகள், வேகம் மணிக்கு 20. வண்டிகள் கடந்த மொத்தத் தூரம் 450 கிலோமீட்டர். அதற்கு ஆன நேரம் 450-ஐ 20-ஆல் வகுத்து 22.5 வண்டி மணி (ஒரு வண்டி சாலையில் ஒரு மணி நேரம் இருந்தால் அது ஒரு வண்டி மணி). மணிக்கு 60-இல் ஓடியிருந்தால் 7.5 வண்டி மணி. வித்தியாசம் 15 வண்டி மணி. ஐந்தே நிமிடத்தில், ஒன்றரைக் கிலோமீட்டரில், பதினைந்து மணி நேரம் காற்றில் போய்விட்டது. இதை நாள் முழுவதும், எல்லாத் துண்டுகளுக்கும் கூட்டினால் சாலையின் ஒரு நாள் இழப்பு கைக்கு வரும்.

ஒப்பிடும் வேகமாக எதை வைப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் மறைக்காமல் எழுத வேண்டும். கலிஃபோர்னியாவில் மணிக்கு 60 மைல், 35 மைல் என்று வெவ்வேறு வேகங்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். எண்கள் வெகுவாக மாறும். எண்ணூர் விரைவுச் சாலைக்கு நான் அந்தச் சாலையிலேயே நெரிசல் இல்லாத நேரத்தில் அளந்த வேகத்தையே வைக்கிறேன். ஆகாயத்திலிருந்து ஒரு இலக்கை இறக்கி, சாலை அதை எட்டவில்லை என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

ஒவ்வொரு வண்டியும் எத்தனை கார்களுக்குச் சமம் என்று பார்க்கும் பி.சி.யு. என்ற கார் சமமாக்கலை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் 1990-ஆம் ஆண்டு நெறிமுறை 64 லாரிக்கும் பஸ்சுக்கும் 3, டிரெய்லர் இணைத்த லாரிக்கு 4.5 என்று கொடுக்கிறது. அது சாலையின் கொள்ளளவைப் பார்க்க. தாமதம் என்பது வண்டிக்குள் காத்திருக்கும் மனிதரின் நேரம். டிரெய்லர் ஓட்டுநர் நாலரை மனிதர் இல்லை, பஸ்சுக்குள் இருப்பவர்கள் மூன்று பேர் மட்டும் இல்லை.

பயண நேரமும் அதன் நம்பகமும்

பயண நேரத்தைக் கணக்கிடும்போது எட்டு மணிக்கு எல்லாத் துண்டுகளிலும் இருந்த வேகத்தை எடுத்து மொத்தமாகக் கூட்டுகிறார்கள். அது தவறு. வண்டியோடு நீங்களும் நகர வேண்டும். முதல் 4 கிலோமீட்டரில் 8 மணிக்கு வேகம் 40; ஆறு நிமிடம் ஆகும். இரண்டாவது துண்டை 8:06-க்குத் தொடுகிறீர்கள். அப்போது அங்கே வேகம் 20 ஆக இறங்கிவிட்டது. 2 கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். மூன்றாவதை 8:12-க்குத் தொடும்போது வேகம் 12. அந்த 2 கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். மொத்தம் 22. எட்டு மணி நிலவரப்படி பின் துண்டுகள் 30, 40 என்று ஓடியிருந்தால் 13 நிமிடம் என்று விடை வந்திருக்கும். நெரிசல் வளரும் காலையில் இந்த வித்தியாசம் ஆளையே ஏமாற்றும்.

அடுத்தடுத்து இரண்டு சுங்கச்சாவடிகளைக் கடக்கும் சாலைகளில் இன்னொரு வழி உண்டு. மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை போன்றவற்றில் பாஸ்டேக் படிப்பானின் நேரப் பதிவுகளைப் பொருத்தினால் பயண நேரம் நேராகவே கிடைத்துவிடும். 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் பாஸ்டேக் கட்டாயமான பிறகு இந்தப் பதிவின் அடர்த்தி மிகவும் கூடியிருக்கிறது. சராசரியை எடுக்காதீர்கள், இடையில் டீ குடிக்கவும் தூங்கவும் ஓரம் கட்டிய லாரிகள் சராசரியை இழுத்துவிடும். வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். பாஸ்டேக் எண் யாருக்கும் தெரியாதபடி மறைக்கப்பட்ட பதிவையே வாங்குங்கள்.

எங்கள் தெருவில் டிரெய்லர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நேரம் ஆவதைவிட, எவ்வளவு ஆகும் என்று தெரியாததுதான் தன்னைத் தின்கிறது என்பார். டிரிப் கணக்கில் கூலி வாங்குபவருக்குச் சராசரி எதற்கு? அதனால் ஒரு மாதத்துப் பயண நேரங்களை வரிசைப்படுத்தி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பயணங்கள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்று பாருங்கள். நடு எண் 24 நிமிடம், தொண்ணூற்றைந்தாவது எண் 41 நிமிடம் என்றால், நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டியவர் தினமும் 17 நிமிடம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த 17-ஐக் குறைப்பதும் சாலைத் துறையின் கடமைதான்.

அடைப்பு எங்கே இருக்கிறது

எக்செலில் குறுக்கே நேரம், நெடுக்கே கிலோமீட்டர் என்று வேகங்களை நிரப்பி, குறைந்த வேகத்துக்குச் சிவப்பு நிறம் கொடுங்கள். நெரிசல் ஒரு சாய்ந்த முக்கோணமாகத் தெரியும். ரேஷன் கடை வரிசை கடை வாசலில் தொடங்கித் தெருமுனைக்கு வளர்வதுபோல, சாலை வரிசையும் அடைப்பிலிருந்து பின்னோக்கி வளரும். சிவப்பு முடிந்து, அடுத்த லூப்பில் வேகம் சட்டென்று ஏறுகிறதே, அந்த இரண்டு லூப்களுக்கு நடுவில்தான் அடைப்பு. மக்கள் திட்டிக்கொண்டு நிற்கும் இடம் பெரும்பாலும் அதற்கு வெகு தூரம் பின்னால் இருக்கும்.

துறைமுகச் சாலைகளில் இது மிக முக்கியம். வாயிலில் மணிக்கு 60 டிரெய்லர்களைச் சோதித்து உள்ளே விடுகிறார்கள், 80 வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியோடு 20 மீட்டர் என்றால் வரிசை மணிக்கு 400 மீட்டர் வளரும். ஐந்து மணி நேரத்தில் 2 கிலோமீட்டர். அந்த 2 கிலோமீட்டரில் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும், மேம்பாலமே கட்டினாலும், வாயிலின் வேகம் மாறாது. வரிசை இரண்டு தடங்களில் நிற்கும், அவ்வளவுதான். அங்கே மருந்து வாயில் நடைமுறையிலும், வண்டிகள் வரும் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதிலும் இருக்கிறது. லூப் எண்கள் இதைத் தெளிவாகச் சொல்லும்: வரிசைக்குள் ஆக்குபன்சி உச்சத்தில், எண்ணிக்கை வாயிலின் அளவில் தேங்கி நிற்கும்.

லாஸ் ஏஞ்சலிஸ் ஃப்ரீவே தரவைப் பார்த்த வராயா குழுவினர், ஒரு தடம் அதிகபட்ச வண்டிகளைக் கடத்துவது மணிக்கு 60 மைலை ஒட்டிய வேகத்தில்தான் என்று கண்டார்கள். நெரிசல் பிடித்ததும் சாலை கடத்தும் வண்டிகளும் குறைந்துவிடுகின்றன. ஆகவே நெரிசல் வராமல் தடுப்பது, வந்தபின் கலைப்பதைவிடப் பெரிய லாபம்.

தரவை வாங்குவது

தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய அரசு அமைப்பிடம், மாநிலச் சாலைக்கு மாநில நெடுஞ்சாலைத் துறையிடம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6(1)-இன்கீழ் விண்ணப்பிக்கலாம். மத்திய அமைப்புகளுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். புதிதாக எதையும் தொகுத்துத் தரும்படி கேட்காதீர்கள். அந்தக் காரணத்தைச் சொல்லியே மறுத்துவிடுவார்கள். அவர்கள் அமைப்பில் ஏற்கனவே உள்ள பதிவைக் கேளுங்கள். கருவி இருக்கும் கிலோமீட்டர் கல், தடம், திசை, தேதி, நேரம், எண்ணிக்கை, ஆக்குபன்சி அல்லது வேகம், வகைவாரி எண்ணிக்கை. 5 நிமிட இடைவெளி, இல்லையென்றால் அவர்கள் வைத்திருக்கும் மிகச் சிறிய இடைவெளி. அச்சிட்ட தாளாக வேண்டாம், மின்னணுக் கோப்பாக. பழுதுபார்ப்புப் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள், எந்த லூப் எந்தத் தேதியில் செத்தது என்று அதில் இருக்கும்.

கோப்பு வந்ததும் முதலில் நேரக் கட்டத்தைப் பாருங்கள். சில கருவிகள் 8:00 என்று எழுதினால் 8:00 முதல் 8:05 வரை. சில கருவிகளில் அது 7:55 முதல் 8:00 வரை. இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று, ஏதாவது ஒரு நாளில் சாலை திடீரென்று அடைபட்ட நேரத்தை எடுத்து ஒப்பிட்டுவிட்டு, பிறகு முதல் வரியைத் தட்டச்சு செய்யத் தொடங்குங்கள்.